எடை சரி, அளவு? அளவு மீறிய செக்-இன் லக்கேஜுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பயணத்துக்கு முந்தைய இரவு பெட்டியின் எடையைப் பார்க்காதவர்கள் அநேகமாகக் கிடையாது. தூக்கிப் பார்ப்பார்கள், தராசில் வைப்பார்கள், 23 கிலோவைத் தாண்டினால் இரண்டு சட்டையை எடுத்து வெளியே போடுவார்கள். அதே பெட்டிக்கு இஞ்ச் டேப் பிடித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு. ஆனால் பல விமான நிறுவனங்களில் எடை மீறலைவிட அளவு மீறலுக்குத்தான் கட்டணம் அதிகம். டெல்டாவின் அட்டவணையில் எடை 50 பவுண்டைத் தாண்டி 70 வரை போனால் 100 டாலர். அளவு, அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டுத்தொகை, 62 அங்குலத்தைத் தாண்டி 80 வரை போனால் 200 டாலர்.

இன்னொரு சங்கடமும் உண்டு. எடை கூடினால் கவுண்டருக்குப் பக்கத்திலேயே பெட்டியைத் திறந்து நாலு பொருளைக் கைப்பைக்கு மாற்றிவிடலாம். பெட்டியே பெரிது என்றால் அங்கே நின்று எதுவும் செய்ய முடியாது; கேட்ட பணத்தைக் கட்ட வேண்டியதுதான். அதனால் இந்த விஷயத்தில் மிச்சம் பிடிக்கிற வேலை எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், பெட்டி வாங்கும்போதே.

வரம்பு எங்கிருந்து வருகிறது

பலரும் இதை வெறும் வசூல் தந்திரம் என்று நினைக்கிறார்கள். வசூலும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அடிப்படையில் இது இடப் பிரச்சினை. போயிங் 737 மாதிரியான ஒற்றை நடைபாதை விமானங்களில் பெட்டிகளை ஆட்கள்தான் உள்ளே ஏற்றி அடுக்குகிறார்கள். அந்தச் சரக்கறைக் கதவு சுமார் 120 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம்தான். உள்ளே நிமிர்ந்து நிற்கவும் முடியாது. முழங்காலிட்டபடியே தள்ளி வைக்க வேண்டும். பெரிய விமானங்களில் எல்டி3 என்ற அலுமினியக் கன்டெய்னர்களில் பெட்டிகளை அடுக்கி, கன்டெய்னரோடு உள்ளே தள்ளுகிறார்கள். அதன் ஆழம் 153 செ.மீ., உயரம் 163 செ.மீ. இரண்டு மீட்டர் நீளமுள்ள பொருளை அதற்குள் நேராக வைக்க வழியில்லை.

விமானத்துக்கு முன்னால் விமான நிலையம் இருக்கிறது. கவுண்டரில் நீங்கள் கொடுக்கும் பெட்டி கன்வேயரில் ஓடி, வளைவுகளில் திரும்பி, எக்ஸ்ரே சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். இந்தப் பாதையில் போக முடியாததைத் தனியாக ஒரு ஆள் எடுத்துப்போய், தனியாகச் சோதித்து, தனியாக ஏற்ற வேண்டும். அந்தக் கூடுதல் கைவேலைக்கான விலையும் கட்டணத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று உலகின் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்வதும் தூக்குகிற தொழிலாளியின் முதுகெலும்பை உத்தேசித்துத்தான். நீங்கள் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த எண் பொதுவாக அசையாது.

படி 1: யாருடைய விதி உங்களுக்குப் பொருந்தும்?

டிக்கெட்டில் ஒரே ஒரு நிறுவனம்தான் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். சிக்கல் வருவது இரண்டு மூன்று நிறுவனங்கள் கலந்த பயணத்தில்.

ஒரே டிக்கெட்டில் பல நிறுவனங்கள் இருந்தால், ஐயாட்டா (விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம்) விதிப்படி அந்தப் பயணத்தின் முக்கியமான பகுதியை ஓட்டும் நிறுவனத்தின் லக்கேஜ் விதி முழுவதற்கும் பொருந்தும். கண்டம் தாண்டும் பயணம் என்றால் பொதுவாக அந்த நீண்ட பறப்பை ஓட்டுபவர். அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போகும் அல்லது அங்கிருந்து புறப்படும் டிக்கெட்டுகளில் கதை வேறு: பயணத்தின் முதல் பகுதியை எந்த நிறுவனம் தன் பெயரில் விற்றதோ, அதன் விதிதான் கடைசிவரை. திரும்பி வரும்போதும் அதேதான்.

தனித்தனி டிக்கெட் எடுத்து நீங்களே இணைத்துக்கொண்ட பயணம் என்றால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. முதல் விமானத்தில் 158 செ.மீ. வரை இலவசமாக வந்த பெட்டி, இரண்டாவது விமானத்தில் புதிதாக அளக்கப்படும், புதிதாகக் கட்டணம் விதிக்கப்படும். மலிவு விலை டிக்கெட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எந்த விதி என்று ஊகிக்க வேண்டாம். இ-டிக்கெட் ரசீதில் ஒவ்வொரு பறப்புக்கும் எதிரே லக்கேஜ் அனுமதி அச்சாகியிருக்கும்: ‘1பிசி’, ‘2பிசி’ என்றோ, ‘30கே’ என்றோ. அந்தக் குறியீடுதான் அடுத்த படிக்குச் சாவி.

படி 2: மூன்று வரம்புகளைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்

எத்தனை பெட்டி, ஒரு பெட்டி எத்தனை கிலோ, ஒரு பெட்டி எவ்வளவு பெரிது. மூன்றும் மூன்று தனிக் கேள்விகள். ஒன்றில் பாக்கி வைத்திருப்பதால் இன்னொன்றில் சலுகை கிடைக்காது. 15 கிலோதான் இருக்கிறது, பெட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தால் என்ன என்று வாதாடிப் பயனில்லை.

‘பிசி’ என்று இருந்தால் எண்ணிக்கை முறை. ஒவ்வொரு பெட்டிக்கும் எடை வரம்பு, அளவு வரம்பு இரண்டும் கண்டிப்பாக இருக்கும். எகானமியில் 23 கிலோ, உயர் வகுப்புகளில் 32 கிலோ என்பது பரவலான வழக்கம். ‘கே’ என்று இருந்தால் எடை முறை: மொத்த எடைதான் கணக்கு, எத்தனை பெட்டியாகப் பிரித்தாலும் அநேகமாகச் சரி. எடை முறையில் அளவு வரம்பு தாராளமாக இருப்பது உண்டு. எமிரேட்ஸின் எடை முறை வழித்தடங்களில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 300 செ.மீ. வரை ஒரு பெட்டி இருக்கலாம். அதே நிறுவனத்தின் எண்ணிக்கை முறை வழித்தடங்களில் இதில் ஏறக்குறைய பாதிதான். ஒரே விமான நிறுவனம், வேறு ஊருக்குப் போகும் விமானம், விதி தலைகீழ். “போன தடவை விட்டார்களே” என்று கவுண்டரில் எழும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

உலகில் மிகப் பரவலான அளவு வரம்பு மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 158 செ.மீ., அதாவது 62 அங்குலம். சரியாக மாற்றினால் 157.48 வருவதால் சில நிறுவனங்கள் 157 என்றும் சில 158 என்றும் எழுதுகின்றன. ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா, யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் எல்லாம் இந்த வட்டத்துக்குள் வருகின்றன. ஆனால் இதுவே உலகச் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் சர்வதேசப் பயணத்தில் 203 செ.மீ. வரை அனுமதிக்கிறது. ஈஸிஜெட்டில் 275 செ.மீ. கைப்பை ஒரு விரற்கடை பெரிதாக இருந்தாலே முகம் சுளிக்கும் மலிவு விலை நிறுவனங்கள், சரக்கறைக்குப் போகும் பெட்டியின் அளவில் சில பெரிய நிறுவனங்களைவிடத் தாராளமாக இருப்பது வேடிக்கைதான்.

கூட்டுத்தொகையே பார்க்காத நிறுவனங்களும் உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறது: 90 × 75 × 43 செ.மீ. கூட்டினால் 208 வருகிறது, 158 முறையைவிட மிகத் தாராளம். ஆனால் 110 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகல உயரமும் உள்ள ஒரு நீளமான பையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 150, மற்ற இடங்களில் சாதாரணப் பெட்டி. இங்கே ஒரு பக்கம் 90-ஐத் தாண்டிவிட்டதால் அளவு மீறியது. சதுரமான பெட்டிக்கு ஒரு முறை சாதகம், நீளமான பொருளுக்கு இன்னொரு முறை சாதகம். உங்கள் பொருளின் வடிவத்தைப் பார்த்துத்தான் எந்த நிறுவனம் தோதானது என்று சொல்ல முடியும்.

இன்னொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்: அறவே ஏற்காத மேல்வரம்பு. 158-ஐத் தாண்டினால் கட்டணம், அதற்கும் மேலே ஒரு கோட்டைத் தாண்டினால் பணம் கொடுத்தாலும் ஏறாது. ஏர் பிரான்ஸில் அந்தக் கோடு 300 செ.மீ.; யுனைடெட்டில் 115 அங்குலம், அதாவது 292 செ.மீ. அதற்கு மேற்பட்டது சரக்காகத்தான் போக வேண்டும்.

படி 3: அளக்கிற விதத்தில் அளக்க வேண்டும்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் ‘30 இஞ்ச்’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பெட்டியின் உடல் உயரம் மட்டும். விமான நிறுவனம் அளப்பது சக்கரத்தின் அடியிலிருந்து, உள்ளே தள்ளிய கைப்பிடியின் உச்சி வரை. பக்கவாட்டில் துருத்தும் கைப்பிடி, முன் பக்கப் பை, அடியில் இருக்கும் குமிழ்கள் எல்லாம் சேர்த்தி.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உடல் அளவு 76 × 51 × 31 செ.மீ. கூட்டினால் சரியாக 158. பெட்டியின் அட்டையில் ‘விமான அளவுக்கு ஏற்றது’ என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். சக்கரத்துக்கு 5 செ.மீ. சேர்த்தால் 163. விரித்துக்கொள்ளும் ஜிப்பைத் திறந்துவிட்டால் இன்னொரு 5, இப்போது 168. பெட்டி மாறவில்லை, ஒரு ஜிப்தான் திறந்தது. பொதுவாக 28 இஞ்ச் என்று விற்பவை வரம்புக்குள் அடங்கும். 30 இஞ்ச் விளிம்பில் நிற்கும். 32 இஞ்ச் பெட்டியை 158 முறையில் இயங்கும் நிறுவனத்துக்கு எடுத்துப்போவது, ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் கண்ணில் படாமல் தப்ப வேண்டும் என்று நேர்ந்துகொள்வதற்குச் சமம். என்னைக் கேட்டால் அந்த அளவுப் பெட்டியை வாங்கவே வேண்டாம். அது பெரிதாக இருப்பதால் எப்படியும் 23 கிலோவுக்கு மேல் திணிக்கத் தோன்றும். இரண்டு பக்கமும் இடி.

துணிப்பைகளை நிரப்பிய பிறகே அளக்க வேண்டும். காலியாக மடித்தால் எல்லாப் பையும் சின்னதுதான். உருளையான பொருளுக்கு நீளத்தோடு விட்டத்தை இரண்டு முறை கூட்டுங்கள்: 120 செ.மீ. நீளமும் 15 செ.மீ. விட்டமும் உள்ள குழாய்ப் பெட்டி 120 + 15 + 15 = 150. ஒழுங்கற்ற வடிவம் என்றால், அந்தப் பொருள் முழுதாக அடங்கும் கற்பனைச் செவ்வகப் பெட்டியை அளக்க வேண்டும். சுவரோரம் நிறுத்தி, மூன்று திசையிலும் மிகத் துருத்தும் புள்ளியிலிருந்து டேப் பிடித்தால் போதும். கட்டி முடித்த பின் வரும் அளவே கணக்கு. பொதி சுற்றும் நுரைத்தாளும் அட்டையும் பக்கத்துக்குப் பத்து செ.மீ. வரை சேர்த்துவிடும்.

டிவி கொண்டுபோக நினைப்பவர்களுக்காக: 55 அங்குல டிவியின் திரை மட்டுமே சுமார் 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். கூட்டினாலே 190. அட்டைப்பெட்டியோடு 220-ஐத் தாண்டும். 43 அங்குலத்தின் திரை 95 × 54. பெட்டிக்குள் வைத்தால் அதுவும் 158-க்குள் நிற்காது. 32 அங்குலம் தாராளமாக அடங்கும்.

படி 4: கட்டணத்தை அடுக்கிப் பாருங்கள்

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்த நிலைமை இங்கே சாதாரணமாக வரும். ஒரே பெட்டி மூன்று வகையில் மீறலாம்: அது உங்கள் எண்ணிக்கைக்கு மேற்பட்ட பெட்டி, எடை அதிகம், அளவும் அதிகம். டெல்டா போன்ற நிறுவனங்களில் மூன்று கட்டணமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் எடையும் அளவும் இரண்டும் மீறினால், இரண்டில் எது அதிகமோ அது மட்டும். இந்த ஒரு வரி வித்தியாசம் உங்கள் பில்லைப் பாதியாக்கலாம். அதனால் கட்டணத்தைப் பார்க்கும்போது தொகையை மட்டும் பார்க்காமல், ‘சேர்த்து வசூலிப்பார்களா, அதிகமானதை மட்டுமா’ என்ற வாக்கியத்தையும் தேடிப் பிடியுங்கள். அது பெரும்பாலும் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும்.

அடுக்கு முறை எப்படி ஏறுகிறது என்பதற்குக் கற்பனையாக ஒரு உதாரணம். இரண்டாவது பெட்டிக்கு 70 டாலர், மூன்றாவதற்கு 150, எடை மீறலுக்கு 100, அளவு மீறலுக்கு 200 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் இரண்டாவது பெட்டியாக 26 கிலோ எடையும் 170 செ.மீ. அளவும் உள்ள ஒன்று இருக்கிறது. 70 + 100 + 200 = 370 டாலர். அதே சாமான்களை இரண்டு சாதாரணப் பெட்டிகளாகப் பிரித்தால் 70 + 150 = 220. ஒரு பெரிய பெட்டியைவிட இரண்டு சின்னப் பெட்டிகள் மலிவு என்பது அநேகமாக எல்லா எண்ணிக்கை முறை நிறுவனங்களிலும் உண்மை. முதல் பெட்டியிலேயே மீறல் என்றால் வித்தியாசம் இன்னும் கூடும்.

சிறு மீறலுக்குச் சின்ன அபராதம் என்ற ஏற்பாடு அரிதாகவே உண்டு. 2024 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அப்படி ஒன்றை அறிவித்தது: 62-க்கும் 65 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பெட்டிக்கு முழு அபராதத்துக்குப் பதில் 30 டாலர். மற்ற பல இடங்களில் ஒரு செ.மீ. மீறினாலும் முழுத் தொகை, முப்பது செ.மீ. மீறினாலும் அதே தொகை.

இந்தக் கட்டணம் ஒரு வழிக்கு மட்டும் என்பதை மறக்க வேண்டாம். போய்த் திரும்பினால் இரண்டு மடங்கு. வழியில் ஓர் ஊரில் சில நாள் தங்கிவிட்டு மறுபடி செக்-இன் செய்தால் அங்கேயும் ஒரு முறை. கூடுதல் பெட்டியை ஆன்லைனில் முன்கூட்டி வாங்கினால் தள்ளுபடி கிடைப்பது வழக்கம். ஆனால் அளவு மீறல் கட்டணத்தைப் பெரும்பாலும் கவுண்டரில்தான் கட்ட முடியும். ஆன்லைனில் ‘கூடுதல் பெட்டி’ வாங்கியதால் அதன் அளவுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

படி 5: கட்டணம் கட்டுவதற்கு முன் மாற்று வழிகள்

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பொருள் தனி வகைக்குள் வருகிறதா என்பதை. ‘அளவு மீறிய பெட்டி’ என்ற தலைப்பில் 200 டாலர் ஆகும் அதே பொருள், ‘விளையாட்டு உபகரணம்’ என்ற தலைப்பில் சாதாரணப் பெட்டியாகக் கணக்காகலாம். 2019 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விளையாட்டு, இசைக் கருவிகளுக்கான 150 டாலர் அளவுக் கட்டணத்தை நீக்கியது. சைக்கிள், சர்ஃப் பலகை, ஸ்கூபா சாமான்கள் எல்லாம் எடை வரம்புக்குள் இருந்தால் சாதாரணப் பெட்டிதான். அதே ஆண்டில் டெல்டாவும் இதேபோல் மாற்றியது. பனிச்சறுக்குக் கட்டைகளையும் அவற்றுக்கான பூட்ஸ் பையையும் சேர்த்து ஒரே பெட்டியாகக் கணக்கிடும் நிறுவனங்கள் பல. கோல்ஃப் பைக்கும் அநேகமாக அளவு மன்னிப்பு உண்டு. ஒரு நிபந்தனை: பைக்குள் அந்த உபகரணம் மட்டும் இருக்க வேண்டும். சைக்கிள் பெட்டிக்குள் நாலு ஜீன்ஸைத் திணித்தால் சலுகை பறிபோகலாம்.

இசைக் கருவிகளுக்கு அமெரிக்காவில் சட்டப் பாதுகாப்பே இருக்கிறது. 2012-ல் இயற்றிய சட்டத்தின் அடிப்படையில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2015-ல் விதிகளை வெளியிட்டது. அமெரிக்க நிறுவனங்கள், உறையோடு சேர்த்து மூன்று பக்கக் கூட்டுத்தொகை 150 அங்குலமும் எடை 165 பவுண்டும் மீறாத கருவியை, விமானத்தில் இடம் இருக்கும்வரை செக்-இன் லக்கேஜாக ஏற்க வேண்டும். உரிய கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். சின்னக் கருவி என்றால், நீங்கள் ஏறும்போது மேலே இடம் இருந்தால் கேபினிலேயே எடுத்துச் செல்லலாம். செல்லோ மாதிரி பெரியதற்குப் பக்கத்து இருக்கையை வாங்கிக்கொள்வது இசைக்கலைஞர்களின் பழைய வழக்கம். அளவுக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சில குறுகிய தூரப் பயணங்களில் இருக்கை விலை பெரிதாகத் தெரியாது. கருவியும் கண் முன்னாலேயே இருக்கும்.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்றவற்றுக்குக் கட்டணமே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி மாற்றுத்திறனாளிக்கு இரண்டு நடமாட்ட உபகரணங்கள் வரை இலவசம் என்கிறது. அமெரிக்கச் சட்டமும் இவற்றை லக்கேஜ் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்கிறது. குழந்தையின் தள்ளுவண்டியும் கார் இருக்கையும் பெரும்பாலான நிறுவனங்களில் இலவசம். இதற்காக யாராவது கட்டணம் கேட்டால் உடனே பர்ஸைத் திறக்காமல் விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, பிரிக்க முடியுமா என்று பாருங்கள். மேசையின் கால்கள், சைக்கிளின் சக்கரம், ஸ்டாண்டின் தண்டு எல்லாம் கழலக்கூடியவை. இதில் உச்சத்துக்குப் போனவர்கள் சைக்கிள்காரர்கள். எஸ் அண்ட் எஸ் என்ற இணைப்பான்களைச் சைக்கிளின் ஃப்ரேமில் பொருத்தினால் முழு அளவு சைக்கிளை இரண்டாகக் கழற்றி 26 × 26 × 10 அங்குலப் பெட்டியில் அடக்கிவிடலாம். கூட்டிப் பாருங்கள்: சரியாக 62. விமான விதியை முன்னால் வைத்துக்கொண்டே வடிவமைத்த பெட்டி அது.

இவை எதுவும் பொருந்தாவிட்டால் சரக்காகவோ கூரியரிலோ அனுப்பும் விலையைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் உண்மையான எடையைப் பார்ப்பதோடு பருமன் எடையையும் கணக்கிடுவார்கள்: நீளம் × அகலம் × உயரத்தை செ.மீ.யில் பெருக்கி, கூரியர் என்றால் 5000-ஆலும் விமானச் சரக்கு என்றால் 6000-ஆலும் வகுப்பது பரவலான முறை. 120 × 60 × 50 பெட்டி 12 கிலோதான் இருந்தாலும் கூரியரில் 72 கிலோவுக்குப் பணம் கேட்பார்கள். லேசான பெரிய பொருளுக்கு விமான நிறுவனத்தின் அளவுக் கட்டணமே மலிவாகிவிடும்; சின்னதாகக் கனமாக இருப்பதற்குக் கூரியர் தேவலாம். அனுப்பும் நாட்டில் சுங்க வேலையும் தனியாக இருக்கும். எல்லாக் கணக்கையும் போட்டபின் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று தெரிந்தால், அந்தப் பொருளைப் போகிற ஊரிலேயே வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

படி 6: முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்

அளவு மீறிய பொருள் ஏறுவது பணத்தை மட்டும் பொறுத்ததல்ல, அன்றைய விமானத்தில் இடம் இருப்பதையும் பொறுத்தது. டிக்கெட் எடுத்த கையோடு நிறுவனத்தைத் தொடர்புகொண்டு நீளம், அகலம், உயரம், எடை, பொருள் என்ன என்பதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பதிவான விவரம் உங்கள் பிஎன்ஆரில் ஏறியதா என்று கேட்டு, மின்னஞ்சலில் உறுதிப்படுத்தல் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பேசியது கவுண்டரில் நிற்காது.

பயணத்தில் ஏதாவது ஒரு பகுதி ஏடிஆர் 72 மாதிரிச் சிறிய விமானமாக இருந்தால் இது இன்னும் முக்கியம். பெரிய விமானத்தில் சிரமமில்லாமல் வந்த சைக்கிள் பெட்டி, கடைசி ஒரு மணி நேரப் பறப்பில் கதவுக்குள் நுழையாமல் நின்றுவிடலாம். அதோடு சில வழித்தடங்களில் நெரிசல் மாதங்களில் அளவு மீறிய பெட்டிகளையும் அட்டைப்பெட்டிகளையும் அறவே ஏற்பதில்லை என்று தடை போடுவார்கள். கட்டணப் பக்கத்தோடு தடைப் பட்டியலையும் பாருங்கள். பார்த்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

படி 7: பொதி கட்டும்போது

பெரிய பொருட்கள் கைகள் பல மாறிப் போகின்றன. நிமிர்த்தி வைப்பார்கள், படுக்கப்போடுவார்கள், மேலே இன்னொன்றை ஏற்றுவார்கள். மூலைகளுக்குத்தான் முதல் அடி விழும், அங்கே கெட்டியாகக் கட்டுங்கள். ஒருவரே தூக்க வசதியாகக் கைப்பிடியோ வாரோ இருந்தால் இழுத்துப்போவது குறையும். பாதுகாப்புச் சோதனைக்காகத் திறந்து பார்ப்பார்கள் என்பதால், சுற்றிச் சுற்றி டேப் ஒட்டிய பிறகு கவுண்டரில் பிரிக்கச் சொன்னால் திரும்ப ஒட்ட ஒரு டேப் ரோல் கையில் இருக்கட்டும்.

பேட்டரி விஷயத்தில் கவனம். உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது, கேபினுக்கு மட்டும். 100 வாட்-ஹவர் வரை பொதுவாக அனுமதி. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமில்லை. மின்சார சைக்கிளின் பேட்டரி பெரும்பாலும் 300-க்கு மேல்தான் இருக்கும். அதாவது சைக்கிள் பறக்கலாம், பேட்டரி பறக்காது.

படி 8: விமான நிலையத்தில்

வழக்கமாகப் போவதைவிட முக்கால் மணி நேரம் முன்னால் போங்கள். செக்-இன் கவுண்டரில் டேக் ஒட்டிவிட்டு, பெட்டியைப் பக்கத்து பெல்ட்டில் போட மாட்டார்கள். ஓவர்சைஸ் லக்கேஜுக்கான தனி இடத்துக்கு நீங்களே தள்ளிக்கொண்டு போக வேண்டும். அது கட்டடத்தின் மறுகோடியிலும் இருக்கலாம். இணையத்தில் செக்-இன் செய்து, தானியங்கி இயந்திரத்தில் பெட்டியைப் போட்டுவிட்டுப் போகலாம் என்ற திட்டம் இங்கே எடுபடாது.

கவுண்டரில் ‘வரம்பிட்ட பொறுப்பு’ என்ற டேக்கில் கையெழுத்துக் கேட்கலாம். பொருள் உடையக்கூடியது, சரியாகக் கட்டவில்லை, அதனால் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். டேக்கில் எந்தக் கட்டத்தில் டிக் செய்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கட்டிய விதம் சரியில்லை என்று குறித்திருந்து, உங்கள் கட்டு நன்றாக இருந்தால், அங்கேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய ரசீதில் பெட்டியின் டேக் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழைந்து அங்கிருந்து வேறு ஊருக்கு மாறுபவர்கள், பொதுவாக முதலில் இறங்கும் நிலையத்திலேயே பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். இரண்டு மீட்டர் பெட்டியோடு இதைச் செய்ய இணைப்பு நேரம் தாராளமாக இருக்க வேண்டும்.

படி 9: இறங்கிய பிறகு

அளவு மீறியது சாதாரண பெல்ட்டில் வராது. தனிக் கதவு, தனி மூலை, பலகையில் தேடுங்கள். சுற்றுகிற பெல்ட்டையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பவர்களை எல்லா விமான நிலையத்திலும் காணலாம்.

வாங்கிய இடத்திலேயே பிரித்துப் பாருங்கள். சேதம் தெரிந்தால் வெளியே வருவதற்கு முன்பே லக்கேஜ் கவுண்டரில் புகார் எழுதி, எண் வாங்குங்கள். 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரீல் ஒப்பந்தப்படி சர்வதேசப் பயணத்தில் சேதத்துக்கான எழுத்துப் புகாருக்கு 7 நாள், தாமதமாக வந்ததற்குப் பெட்டி கையில் கிடைத்ததிலிருந்து 21 நாள் கெடு. நிறுவனத்தின் பொறுப்புக்கு மேல்வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று பொருளல்ல, ஒரு பயணியின் எல்லாப் பெட்டிகளுக்கும் சேர்த்துத்தான். உங்கள் பொருளின் மதிப்பு அதைவிட அதிகம் என்றால், செக்-இன் செய்யும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்கும் கூடுதல் தொகையைக் கட்டிவிட்டால் வரம்பு உயரும். வந்திறங்கிய பின் அறிவிக்க முடியாது.

பெட்டியே தாமதமானால் கட்டிய கட்டணத்தையும் திரும்பக் கேளுங்கள். அமெரிக்காவில் 2024-ல் வந்த விதிப்படி, உள்நாட்டுப் பயணத்தில் 12 மணி நேரத்துக்குள்ளும், சர்வதேசப் பயணத்தில் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 15 முதல் 30 மணி நேரத்துக்குள்ளும் பெட்டியைத் தரவில்லை என்றால் செக்-இன் லக்கேஜ் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் பெட்டி வரவில்லை என்று நீங்கள் புகார் பதிவு செய்திருந்தால்தான் அந்த உரிமை. கவுண்டரில் வாங்கிய ரசீதையும் புகார் எண்ணையும் ஒன்றாகப் பத்திரப்படுத்துங்கள்.